அட்டையை ஆர் அடையாளம் கண்டது?

2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்து சேர்ந்தது. அடுத்த சில நாள் பேப்பர் முழுக்க கப்பல் கதைதான். நாங்கள் இங்க கதைக்கப்போவது அந்தக் கப்பல் கடந்து வாற தண்ணிக்கு அடியில் கிடக்கிற ஒரு சீவனைப் பற்றி. கடலட்டை.

பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் அதே அட்டைதான். ஆனால் சட்டம் வேற. இந்தியா 2001 ஜூலையில் எல்லாக் கடலட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கிற அதே அட்டவணை. ஆகவே நாகபட்டினத்தில் ஒரு அதிகாரி பையைத் திறந்து அட்டையைக் கண்டால், அது என்ன அட்டை எண்டு யோசிக்கத் தேவையில்லை. எந்த அட்டையும் குற்றம்தான். காங்கேசன்துறைப் பக்கம் அப்படி இல்லை. இங்க அட்டை பிடிக்கலாம், அனுமதிப்பத்திரம் வேணும். ஏற்றுமதி செய்யலாம். ஆனால் 2020 ஓகஸ்ட் 28இல் இருந்து சில இனங்கள் மட்டும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின், அதாவது 'சைற்றிஸ்' உடன்படிக்கையின், இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை அனுப்ப வேற ஆவணம் வேணும். எனவே இந்தக் கரையில்தான் 'இது என்ன அட்டை?' என்ற கேள்விக்குப் பதில் தேவைப்படுகிறது.

அந்தப் பதிலை ஆர் சொல்லுவது? எதை வைச்சுச் சொல்லுவது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அது முழுக்க எழுதப்பட்ட வரலாறும் இல்லை. ஒரு பகுதி லண்டனிலும் கொழும்பிலும் அச்சடிச்ச அறிக்கைகளில் கிடக்கு, ஒரு பகுதி சுழியோடிகளின் கையில் இருக்கு, ஒரு பகுதி ஹொங்கொங் கடைகளின் கண்ணாடிப் போத்தல்களில் விலைச்சீட்டாக இருக்கு.

முதலில் அந்தச் சொல். 'அட்டை' எண்டால் எங்களுக்கு வயலில் காலில் ஒட்டுகிற அட்டை. மழைக்கு வீட்டுச் சுவரில் ஏறுவது சரவட்டை. கடலில் நீளமாக, மெதுவாக, தொட்டால் சுருங்குகிறதைக் கண்ட ஆரோ ஒரு முன்னோர் அதையும் அட்டை எண்டார். பார்வைக்குச் சரி. ஆனால் உறவுமுறை வேற. கடலட்டையின் சொந்தக்காரர் நட்சத்திர மீனும் கடல் முள்ளியும்தான். ஏ.எல். உயிரியலில் முட்தோலிகள் எண்டு பாடமாக்கினமே, அந்தக் கூட்டம். ஒரு அட்டையை நிமித்தி வைச்சுக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நட்சத்திர மீனின் ஐந்து கை அதற்குள்ளும் ஐந்து தசைப் பட்டிகளாக ஒளிஞ்சிருப்பது தெரியும். முள்ளும் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அந்த முள்ளுத்தான் இந்தக் கதையின் மிச்சப் பாதி.

சுழியோடி அட்டையைப் புத்தகத்தால் அறிவதில்லை. கண்ணும் கையும் காணும். எங்கட கடலில் காசு தாற அட்டை எண்டால் முதலில் வருவது வெள்ளை அட்டை. விஞ்ஞானப் பெயர் ஹொலோதூரியா ஸ்காப்ரா. தடித்த, இரண்டு முனையும் மழுங்கின உடம்பு. முதுகு சாம்பலில் இருந்து கறுப்பு வரை, குறுக்கே ஆழமான மடிப்புகள், சிலவற்றில் அந்த மடிப்போடு மஞ்சள் அல்லது வெளிர் கோடு. திருப்பினால் வயிறு வெள்ளை, அதில் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பகலில் பாதி நேரம் சேற்றுமணலுக்குள் புதைஞ்சு கிடக்கும். ஆகவே அட்டையைத் தேடுகிறவர் மணலில் ஒரு சின்ன மேட்டைத்தான் தேடுவார். தென்னிலங்கை அட்டை வியாபாரத்தில் இதற்கு 'ஜஃப்னா அட்டை' எண்டே ஒரு பெயர் இருக்கு. ஒரு ஊரின் பெயரை ஒரு அட்டை தாங்குவது சின்ன விசயம் இல்லை. கறுத்தக்கொழும்பானுக்கு இருக்கிற மரியாதை எங்கட ஊர்ப் பெயர் சொல்லுகிற இந்த அட்டைக்கு எங்களிடம் இல்லை, அது வேற கதை.

நூல் அட்டையைப் பிடிச்சவர் மறக்கமாட்டார். கையில் எடுத்த உடனே பின்பக்கத்தால் வெள்ளை நூல் நூலாகக் கக்கும். விரலில் ஒட்டினால் லேசில் போகாது. நண்டோ மீனோ கடிக்க வந்தால் அதைச் சிக்கவைக்க அட்டை வைத்திருக்கிற ஆயுதம் அது. உயிரியலாளர் இதைக் குவியேயின் குழாய்கள் என்பார்கள். போஹாட்ஸ்கியா என்ற பேரினத்தில் இது நல்லாய் வளர்ந்திருக்கு. வெள்ளை அட்டைக்கு இந்த நூல் கிடையாது. அப்ப பாருங்கோ, 'நூல்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு பேரினத்தையே பிரிக்கிற அடையாளத்தை ஆரோ வைத்துவிட்டுப் போயிருக்கினம்.

ராஜா அட்டை, ஹொலோதூரியா ஸ்பினிஃபெரா, நீண்டது, மண்ணிறம், முதுகெல்லாம் கூரான முகிழ்கள். அன்னாசி அட்டைக்கு விளக்கமே தேவையில்லை, முதுகு முழுக்க நட்சத்திர வடிவில் கிளைச்ச பெரிய தோல்முட்கள். விஞ்ஞானிகளும் அதற்கு வேற யோசிக்கவில்லை, தெலெனோட்டா அனானஸ் எண்டுதான் வைச்சினம். ஸ்டிகோபஸ் குளோரோநோட்டஸ் கரும்பச்சை, உடம்பு நாலு மூலைப் பெட்டி மாதிரி, மூலைகளில் வரிசையாக முகிழ், முகிழ் நுனியில் செம்மஞ்சள். இந்தக் கூட்டத்தைத் தண்ணியை விட்டு வெளியே எடுத்து வைச்சால் தோல் கரைஞ்சு களியாகிப்போகும். பிடிக்கிறவருக்கு அதுவே ஒரு அடையாளம், அதுவே ஒரு நட்டம். அக்டினோபைகா என்ற பேரினத்தைப் பிடிக்க இன்னும் லேசு. பின்பக்கத்தைப் பாக்கவேணும். அங்க ஐந்து பல்லு வட்டமாக இருக்கும். அட்டைக்குப் பல்லு வாயில் இல்லை.

கறுப்பட்டைகளில்தான் புது ஆக்கள் தடுமாறுவது. ஹொலோதூரியா அட்ரா முழுக் கறுப்பு, மெத்தென்று இருக்கும். உடம்பெல்லாம் மணலை ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆனால் முதுகில் இரண்டு வரிசையாக வட்ட வட்டமாக மணல் ஒட்டாத இடம் விட்டிருக்கும். தோலைத் தேய்ச்சால் விரல் சிவக்கும், ஊதாச் சிவப்புச் சாயம் ஒண்டு வரும். நூல் கக்காது. அதற்குப் பக்கத்தில் கிடக்கிற ஹொலோதூரியா லியூகொஸ்பைலோட்டாவும் கறுப்புத்தான், இன்னும் நீளம், பின்பாதியைக் கல்லுக்கு அடியில் செருகிக்கொண்டு முன்பாதியால் மேயும். தொந்தரவு செய்தால் மெல்லிய நூல் விடும். அப்ப இரண்டு கறுப்பையும் பிரிக்க நிறம் உதவாது. சாயம், நூல், மணல், கிடக்கிற விதம் இந்த நாலும்தான் உதவும். இதில் ஒண்டுகூடப் படத்தில் தெரியாது. கையில் எடுத்தால்தான் தெரியும்.

காங்கேசன்துறைக் கரைக்கு வந்தால் இது ஏன் முக்கியம் எண்டு விளங்கும். யாழ்ப்பாணம் எண்டால் அட்டை எண்டு வெளியாக்கள் நினைக்கிற கடல் உண்மையில் குடாநாட்டின் தெற்கும் மேற்கும். அரியாலை, வேலணை, தீவுப்பகுதி, பூநகரிப் பக்கம். பரவைக்கடல், சேற்றுமணல், கடற்புல். வெள்ளை அட்டையின் வீடு அது. வடகரை வேற. கீரிமலையில் இருந்து காங்கேசன்துறை, மயிலிட்டி வரை சுண்ணாம்புக்கல் கரை, அதற்கு வெளியே முருகைக்கல்லும் பாரும், அதற்கு அப்பால் திறந்த கடல். வாடைக்காற்றுக் காலத்தில் தண்ணிக்குள் இறங்க ஏலாது. 1950இல் இங்க சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். கல்லுக்கரையில் கிடக்கிற அட்டைக் கூட்டமும் வேற. கல்லுக்கு அடியில் ஒளிகிறதும், பார் இடுக்கில் கிடக்கிறதும். குடாநாடு எண்டு ஒரே பெயர் சொன்னாலும் பத்து மைல் இடைவெளியில் இரண்டு அட்டை உலகம் இருக்கு. ஒரு பக்கத்துச் சுழியோடியின் அறிவை மற்றப் பக்கத்துக்கு அப்படியே கொண்டுபோக ஏலாது.

இவ்வளவும் உயிரோடு இருக்கும் வரைதான். கரைக்கு வந்ததும் கதை மாறுகிறது.

வாடியில் நடக்கிறது இதுதான். வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பினம். கடல்தண்ணியில் அவிப்பினம். அவிஞ்ச உடனே நீளம் பாதியாய்ப் போகும், மடிப்பு இறுகும், நிறம் போகும். வெள்ளை அட்டையை அதற்குப் பிறகு மணலுக்குள் புதைச்சு வைப்பினம். ஒரு இரவோ கூடவோ போனதும் தோண்டி எடுத்துத் தேய்ச்சால் மேல்தோல் உரிஞ்சு வரும். வேற நாடுகளில் இதற்குப் பப்பாசி இலையும் பாவிக்கினம். திரும்ப அவிச்சு வெயிலில் காயவைச்சால் இருபது கிலோ அட்டை ஏறக்குறைய ஒரு கிலோவாகும். கல்லு மாதிரி, கறுப்பு அல்லது கரும்மண்ணிறம். வயிற்றுப் புள்ளி போச்சு, மஞ்சள் கோடு போச்சு, சாயம் போச்சு, நூல் போச்சு.

மணலுக்குள் புதைச்சுத் தேய்க்கிறது ஏன்? தோலில் சுண்ணாம்பு இருக்கு. அந்தச் சுண்ணாம்பு இருந்தால் காய்ஞ்ச அட்டை வெளிறித் தெரியும், சாப்பிடேக்க நறுநறுக்கும், விலை விழும். சீனச் சமையலறையில் அதை மறுபடி ஊறவைச்சு வழுவழுப்பாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த நறுநறுப்பு வேண்டாம். அதனால்தான் இந்தக் கரையில் பெண்களும் ஆண்களும் கால்நோகக் கைநோகத் தேய்ச்சினம்.

அந்தச் சுண்ணாம்பைத்தான் இன்னொரு கூட்டம் தேடி அலைஞ்சது.

1833இல் ஜேகர் என்ற ஜெர்மன்காரர் சூரிச்சில் ஹொலோதூரியாக்களைப் பற்றி இலத்தீனில் ஒரு சின்ன நூல் போட்டார். ஸ்காப்ரா, அட்ரா, அன்னாசி அட்டை எல்லாம் விஞ்ஞானப் பெயர் வாங்கினது அந்த ஒரே நூலில்தான். அவர் பார்த்த ஸ்காப்ரா செலிபிஸ் தீவில் இருந்து, இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசியில் இருந்து போனது. அங்கேயும் சீன வியாபாரத்துக்காகத்தான் அட்டை பிடிச்சவை. விஞ்ஞானம் வியாபாரத்தின் பாதையிலேயே பின்னால் நடந்து வந்தது எண்டு சொன்னால் பிழை இல்லை.

எங்கட பக்கம் அது வந்து சேர்ந்தது முத்தோடு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி ஏன் குறைஞ்சுபோச்சு எண்டு கண்டுபிடிக்க பிரித்தானிய அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை 1902இல் இலங்கைக்கு அனுப்பியது. கூட வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல். சிப்பியைத் தேடி அடித்தளத்தை வாரினால் சிப்பி மட்டுமா வரும்? வந்த எல்லாவற்றையும் சாராயத்தில் போட்டு அனுப்பினார்கள். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதியாக றோயல் சொசைட்டி வழியாக வெளிவந்தது. முதல் பகுதியில் கடலட்டைகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் ஜோசப் பியர்சன் என்ற இளைஞர். சிப்பிக்காகப் போட்ட காசில் எங்கட அட்டைக்கு ஒரு பட்டியல் கிடைச்சது.

பியர்சன் அதோடு நிக்கவில்லை. 1910இல் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக வந்தார். நூதனசாலையின் சஞ்சிகையான 'ஸ்பொலியா சிலானிக்கா'வில் இந்து சமுத்திரக் கடலட்டைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கறுப்பட்டை அட்ராவைச் சேர்த்து ஹலோடெய்மா என்ற உபபேரினத்தை 1914இல் அமைச்சவர் அவர்தான். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு ஆய்வாளர் அட்ராவின் முழுப்பெயரை எழுதினாலும் நடுவில் அடைப்புக்குள் அந்தக் கொழும்புச் சொல் வரும். கறுப்பட்டை கிடக்கிற ஊர்ச் சனத்துக்கு இது தெரியாது. தெரியவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

பியர்சன் போன்றவர்கள் அட்டையை எப்படிப் பிரிச்சார்கள்? சாராயத்தில் கிடந்த அட்டையிலும் நிறம் போய்விடும், உடம்பு சுருங்கிவிடும். வாடியில் காய்ஞ்ச அட்டைக்கும் போத்தலில் கிடந்த அட்டைக்கும் இந்த விசயத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே அவர்கள் தோலுக்குள் இருக்கிற சுண்ணாம்பு முள்ளைப் பார்த்தார்கள். நகக்கண் அளவு தோலை வெட்டி, உடுப்பு வெளுக்கிற திரவத்தில் போட்டால் சதை கரைஞ்சுபோகும். அடியில் வெள்ளைத் தூள் மாதிரி ஏதோ தங்கும். நல்ல தண்ணியால் நாலைந்து தரம் கழுவி நுணுக்குக்காட்டியில் வைச்சால் அது தூள் இல்லை. ஒவ்வொண்டும் செதுக்கின மாதிரி வடிவம். பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியே காணும்.

வெள்ளை அட்டையில் சின்ன மேசை வடிவமும், துளைகள் உள்ள, முடிச்சு முடிச்சான சட்டைப் பொத்தான் வடிவமும் வரும். கறுப்பட்டை அட்ராவில் மேசை இருக்கும், பொத்தான் இராது, பதிலுக்குப் பூ மாதிரிச் சின்ன வடிவங்கள். ஸ்டிகோபஸில் ஆங்கில 'சீ' எழுத்து மாதிரி வளைஞ்ச கம்பிகள். நூல் அட்டைக் கூட்டத்திலும் அக்டினோபைகாவிலும் மேசையும் இல்லைப் பொத்தானும் இல்லை. புழு மாதிரி நீண்டு கையில் ஒட்டுகிற சினாப்டா வகைக்கு வந்தால் அச்சு அசல் நங்கூரம், அந்த நங்கூரத்துக்கு ஒரு தட்டு. காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல்லும் இந்த நங்கூரமும் ஒரே பொருள்தான், கல்சியம் காபனேற்று. ஒண்டை அரைச்சுச் சீமெந்தாக்கினம், மற்றதை வைச்சு இனம் பிரிக்கினம்.

இப்ப இரண்டையும் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. வாடியில் நின்றவர் மணலில் தேய்ச்சுக் கழட்டி எறிஞ்சதும், பியர்சன் நுணுக்குக்காட்டியில் தேடினதும் ஒரே பொருள். நல்லாய்த் தேய்ச்ச அட்டைக்கு விலை கூட, நல்லாய்த் தேய்ச்ச அட்டையை இனம் காண்பது கஷ்டம். உள்தோலிலும் பின்வாய்ப் பக்கத்திலும் கொஞ்ச முள் தப்பிக் கிடக்கும், இண்டைக்கு அதைத் தேடித்தான் எடுக்கினம்.

ஹோர்னெல் இந்த இரண்டு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பார்த்த ஒருவர். இலங்கையில் இருந்து சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்துக்குப் போனவர், 1917இல் இந்திய அட்டைத் தொழிலின் வரலாற்றைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். ஆனால் அவருக்கும் அது தொழில், ஏற்றுமதி, வருமானம். சனத்தின் பெயர்களை இனம் பிரிக்கிற அறிவாக எடுத்து, எந்தப் பெயர் எந்த அடையாளத்தால் வந்தது எண்டு உட்கார்ந்து எழுதின ஒரு காலனியத் தாளை நாங்கள் வாசிக்கவில்லை. அக்கரையில் பிறகு சி.எம்.எஃப்.ஆர்.ஐ. எனப்படும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.பி. ஜேம்ஸ் அட்டை இனங்களைப் பற்றி நிறைய எழுதினார், ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக் குறித்தார். 1988இல் தூத்துக்குடியில் வெள்ளை அட்டைக் குஞ்சை முதல்முதல் பொரிக்கவைச்சதும் அவர்கள்தான்.

சனத்தின் கண் பின்தங்கினது எண்டு நினைக்கிறவருக்கு ஒரு கதை. உடம்பின் இரண்டு பக்கமும் முலைக்காம்பு மாதிரிப் புடைப்புகள் உள்ள ஒரு பெரிய அட்டை இருக்கு. ஆங்கில வியாபாரிகள் அந்தக் காம்பை வைத்தே பெயர் சொன்னார்கள். சீனத்தில் பெண்பன்றி அட்டை என்ற பொருளில் ஒரு பெயர். இதில் வெள்ளை ஒண்டு, கறுப்பு ஒண்டு. வெள்ளை ஆழத்தில், கறுப்பு அதைவிட மேல. வியாபாரத்தில் இரண்டும் வேற வேற, விலையும் வேற. விஞ்ஞானமோ இரண்டையும் நொபிலிஸ் என்ற ஒரே பெயருக்குள் வைத்திருந்தது. 1980இல்தான் ஷெர்போனியே என்ற பிரெஞ்சுக்காரர் வெள்ளையைப் பிரிச்சு ஃபஸ்கோகில்வா எண்டு பெயர் வைச்சார். பசிபிக் கறுப்பும் இந்து சமுத்திரக் கறுப்பும் வேற எண்டு மரபணுவை வைச்சு உறுதிப்படுத்தினது 2004இல். சைற்றிஸ் பட்டியலில் 2020இல் வந்தது இந்த மூண்டும்தான். சட்டம் நிக்கிறது விஞ்ஞானப் பெயரில், அந்தப் பெயர் வந்தது சுழியோடியும் வியாபாரியும் பிரிச்ச பிறகு.

வடகரையில் இந்த அறிவுக்கு என்ன நடந்தது?

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி எல்லாம். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். கடற்றொழிலுக்குப் பேர்போன மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைச்சது. 27 வருசம். மல்லாகத்து முகாமில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அந்த நேரம் கலியாண வயசு. தகப்பன் தண்ணிக்கு அடியில் கையைப் பிடிச்சுக் காட்டவேண்டிய இடம் முள்ளுக்கம்பிக்கு அங்கால கிடந்தது. கறுப்பட்டையில் எது நூல் விடும், எது சாயம் விடும் என்கிற அறிவு அந்த இடத்தில் நிண்டு சொன்னால்தான் கைமாறும். வேற ஊரில் கூலிக்கு வலை இழுக்கிறவருக்கு அதைச் சொல்ல நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

விஞ்ஞானத்துக்கும் அதே கம்பிதான். நாரா நிறுவனம் ஐஸ்லாந்து உதவியோடு 2008இல் கடலட்டை வளத்தைச் சுழியோடி எண்ணத் தொடங்கியபோது போனது வடமேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும். வடக்கில் யுத்தம். இலங்கையின் அட்டை வளம் எண்டு பிறகு வந்த மதிப்பீடுகளில், தன் பெயரை ஒரு அட்டைக்குக் கொடுத்த யாழ்ப்பாணம் வெற்றிடம். இதைப் பற்றி ஆய்வாளரைக் குறைசொல்ல ஏலாது. ஆனால் அந்த வெற்றிடத்துக்கு விலை இருக்கு. முன்னம் எவ்வளவு கிடந்தது எண்டு ஆதாரத்தோடு சொல்ல ஆள் இல்லாத கடலில், இப்ப குறைஞ்சுபோச்சு எண்டு ஆரிடம் முறையிடுவது?

யுத்தம் முடிஞ்ச பிறகு கடல் திறந்தது, எல்லாருக்கும் திறந்தது. 2018இல் வடமராட்சி கிழக்கில் வெளிமாவட்டத்து ஆக்கள் வாடி போட்டு, இரவில் வெளிச்சத்தோடு சுழியோடி அட்டை பிடிச்சதற்கு எதிராக மருதங்கேணிப் பக்கத்துச் சனம் போராடினது பலருக்கு நினைவிருக்கும். அப்ப எழுந்த வாதம் எல்லாம் ஆர் பிடிக்கலாம் என்பதில் நிண்டது. நியாயமான வாதம். என்ன அட்டை, எந்த அளவு, எந்தப் பாரில் என்ற கேள்வி அந்தச் சத்தத்துக்குள் கேட்கவே இல்லை. அனுமதிப்பத்திரம் 'கடலட்டை' எண்டு ஒரே சொல்லில் எழுதப்பட்டால் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

இப்ப பண்ணைக் காலம். 2022இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் அட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. சீனா, கடற்புல், களங்கண்ணிக்காரரின் இடம் எண்டு அதைச் சுற்றி நடக்கிற சண்டையைப் பற்றி எங்கட வலைப்பூவிலேயே வேற ஆக்கள் எழுதுவினம். எங்களுக்கு இங்க வேற ஒரு கவலை. பண்ணையில் வளர்வது வெள்ளை அட்டை மட்டும்தான். பத்து வருசமாக அட்டை எண்டு எங்கட வயசுப் பெடியள் கண்டது, படம் எடுத்தது, ஃபேஸ்புக்கில் போட்டது எல்லாம் அதுதான். 'கடலட்டை' என்ற சொல் ஒரே ஒரு இனத்தின் பெயராகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. மற்றவை பெயர் இல்லாமல் ஆகினால், பாரில் இருந்து அவை போனாலும் போனது தெரியாது. 2013இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அட்டைகள் வந்தபோது வெள்ளை அட்டை, அன்னாசி அட்டை, கறுப்புக் காம்பட்டை மூண்டும் 'ஆபத்தில்' என்ற வகையில் நிண்டன. வெள்ளை அட்டைக்குப் பண்ணை எண்டு ஒரு காவல் வந்தது. அன்னாசி அட்டைக்கு அப்படி ஒண்டும் இல்லை.

அன்னாசி அட்டையும் அதன் பேரினம் முழுவதும் 2024 மே 25இல் இருந்து சைற்றிஸ் பட்டியலில். ஆகவே சுங்க மேசைக்கு இனி இன்னும் கூட வேலை. காம்பட்டையும் அன்னாசியும் முழுசாய்க் காய்ஞ்சு வந்தால் ஓரளவு தெரியும், காம்பும் முள்ளும் வெயிலிலும் மிஞ்சும். அந்த வகையில் பட்டியல் போட்டவர்களுக்கு அதிர்ஷ்டம். துண்டு துண்டாய் வெட்டி வந்தால் ஒண்டும் தெரியாது. அந்த நேரம் பியர்சனின் மேசையும் பொத்தானும்தான் கைகொடுக்கும், அல்லது மரபணுப் பரிசோதனை. தவறாக அடையாளம் கண்டால் ஒரு பக்கம் காம்பட்டை கறுப்பட்டை என்ற பெயரில் போய்விடும். மற்றப் பக்கம், சட்டப்படி பிடிச்ச ஒரு தொழிலாளியின் மூட்டை மாசக்கணக்கில் வழக்குப் பொருளாகக் கிடக்கும். முதலாளி அதைத் தாங்குவார். சுழியோடி தாங்கமாட்டார்.

2012இல் உலக உணவு விவசாய நிறுவனம் வணிகக் கடலட்டைகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. உயிரோடு இருக்கிற படம், காய்ஞ்ச படம், முள்ளின் படம் மூண்டும் ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில். 58 இனம். ஊர்ப் பெயர்களும் நாடு நாடாகக் குறிச்சிருக்கு. நல்ல வேலை. ஆங்கிலத்தில் இருக்கு. மயிலிட்டியில் ஆர் வாசிப்பது?

எங்கட கூட்டில் ஒரு சின்ன அட்டவணை செய்யத் தொடங்கியிருக்கிறம். காங்கேசன்துறையில் இருந்து மயிலிட்டி வரைக்கும் வயசான ஆக்கள் சொல்லுகிற பெயர் முதல் நிரலில், அந்தப் பெயர் எந்த அடையாளத்தால் வந்தது என்பது இரண்டாவதில், விஞ்ஞானப் பெயர் கடைசியில். ஒரே அட்டைக்கு இரண்டு பெயர் வரும், ஒரே பெயர் இரண்டு அட்டைக்கு வரும். அதைத் திருத்தாமல் அப்படியே எழுதுகிறம். நீங்களும் படம் அனுப்பலாம். அனுப்பேக்க முதுகை மட்டும் எடுத்து அனுப்பாதேங்கோ. திருப்பி வயிற்றையும், வாயையும், பின்பக்கத்தையும் எடுங்கோ, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கோ. தோலைத் தேய்ச்சால் விரல் சிவந்ததா, நூல் விட்டதா, கல்லுக்கு அடியிலா மணலிலா கிடந்தது எண்டு ஒரு வரி எழுதுங்கோ. எழுதிப்போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்பத் தண்ணிக்குள் விட்டுவிடுங்கோ.